மாதம் 30 டாலருக்கு ஒரு கிளி ஜோசியம்

கல்லூரியில் இடம் கிடைக்கும் வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் ஒரு இணையதளத்தைப் பற்றிய விமர்சனம் இது, முதலில் ஸ்டார் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு ஒன்றரை. அதில் அந்த அரை, விண்ணப்பக் கடைசித் தேதிகளை ஒழுங்காக வரிசைப்படுத்தி ஒரு வாரம் முன்னாலேயே நினைவூட்டியதற்கு. மீதி ஒன்று, அதற்குக் கீழே கொடுக்க வழியே இல்லை என்பதால்.

அமெரிக்காவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்த மாதிரித் தளங்கள் இப்போது நன்றாக ஓடுகின்றன. பிள்ளையின் ஜிபிஏ (பள்ளி மதிப்பெண்களின் சராசரி), எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண், வகுப்பில் ரேங்க், எடுத்த ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்), கிளப், தன்னார்வ வேலை எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் நிரப்பினால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் வந்து நிற்கும். இதுதான் உன் வாய்ப்பு, போ. நாங்கள் கட்டியது மாதம் 30 டாலர், ஏழு மாதம். தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் வைத்திருந்த வேறு இரண்டையும் பார்த்தேன், சட்டைதான் வேறு, ஆள் ஒன்றுதான்.

எங்கள் கதை இது. டெக்ஸாஸில் இருக்கிறோம். மகள் 2024 மார்ச்சில் எஸ்ஏடி எழுதினாள். 1600க்கு 1190. வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 630, கணக்கில் 560. நம் ஆட்கள் கூடுகிற இடத்தில் இந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு அம்மா “அடுத்த தடவை பாத்துக்கலாம், கவலைப்படாதீங்க” என்று என் கையைப் பிடித்துச் சொன்ன விதத்தில், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் 2024இல் பள்ளி முடித்த மாணவர்களின் எஸ்ஏடி சராசரி 1024. அதாவது 1190 என்பது நாட்டுச் சராசரிக்கு நன்றாகவே மேலே. குறைச்சல் என்பது யாரோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அன்று ராத்திரியே கிரெடிட் கார்டை எடுத்துவிட்டேன்.

பதினான்கு கல்லூரிகளைப் போட்டோம். பதினான்கில் பத்து சிவப்பில் வந்தது. 4%, 7%, 11% என்று வரிசையாக. இந்தச் சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை, பரீட்சை மதிப்பெண் வந்து மூன்று நாள் ஆகிறது, திரையில் ஒவ்வொரு கல்லூரிச் சின்னத்துக்கும் பக்கத்தில் தீயணைப்பு வண்டி நிறத்தில் ஒரு எண். கீழே ஒரு பட்டன்: ‘உங்கள் வாய்ப்பை உயர்த்துங்கள்’. அழுத்தினால் இன்னும் விலை கூடிய திட்டம். மகள் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான்தான் திரும்பத் திறந்து உட்கார்ந்தேன்.

அந்த ராத்திரிதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சும்மா இருக்காமல் மதிப்பெண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1190ஐ 1500 ஆக்கினால் என்ன ஆகும் என்று. பட்டியலில் யூசி பெர்க்லி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம்) இருந்தது. 1190க்கு 6% காட்டியது, 1500க்கு 19%. ஆகா, பார், 310 மதிப்பெண்ணுக்கு மூன்று மடங்கு என்று ஒரு நிமிடம் நானும் நம்பினேன். அப்புறம் கலிஃபோர்னியாவில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தே விட்டாள். “அண்ணி, இங்க எஸ்ஏடியப் பாக்கவே மாட்டாங்களே!”

உண்மைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பில் 2020 மே மாதம் அதன் ஆட்சிக் குழு ஓட்டெடுத்து எஸ்ஏடி, அதே மாதிரியான ஏசிடி தேர்வு இரண்டையும் கைவிட முடிவு செய்தது. 2021 முதல் பெர்க்லி, யூசிஎல்ஏ உட்பட எந்த வளாகத்திலும் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. நீங்கள் 1600 வாங்கி அனுப்பினாலும் ஒன்றுதான், 900 வாங்கினாலும் ஒன்றுதான். சேர்ந்த பிறகு எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்பதற்கு வேண்டுமானால் பயன்படும், அவ்வளவே. அந்த மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டின் வளாகங்களும் 2022இல் அதே வழிக்கு வந்துவிட்டன. அப்படியிருக்க, எஸ்ஏடி எண்ணை மாற்றினால் பெர்க்லி வாய்ப்பு மும்மடங்காகிறது என்று சொல்லும் தளம் எதை வைத்துக் கணக்குப் போடுகிறது? இப்படி ஒரு தளத்துக்குப் பணம் கட்டியிருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் இன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை. யூசி வளாகம் ஒன்றைப் போட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க எஸ்ஏடியை மட்டும் மாற்றுங்கள். சதவீதம் அசைந்தால் மீதி எண்களையும் அதே தராசில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது, ஏனென்றால் அது எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. டெக்ஸாஸில் 1997இல் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. மாநிலத்துப் பள்ளியில் உரிய பாடத்திட்டத்தை முடித்து, தன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் பல்கலைக்கழகமான யூடி ஆஸ்டினுக்கு மட்டும் விலக்கு. அங்கே கூட்டம் தாங்காமல் 2009இல் சட்டத்தைத் திருத்தி, தானியங்கிச் சேர்க்கைக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ள விட்டார்கள், அதனால் கோடு எந்த இடத்தில் என்று ஒவ்வொரு வருடமும் அவர்களே முடிவு செய்து சொல்கிறார்கள். மகள் விண்ணப்பித்த 2025 சேர்க்கைக்கு முதல் 6 சதவீதம், அதற்கடுத்த வருடத்துக்கு 5. என் மகள் சுமார் 600 பேரில் 47ஆவது. யூடி கோட்டுக்குப் பதினொரு இடம் வெளியே, ஆனால் 10 சதவீதத்துக்குள் தாராளமாக. அதாவது மாநிலத்தின் இன்னொரு பெரிய அரசுப் பல்கலைக்கழகமான டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கதவைச் சட்டமே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறது. எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது தனிக் கதை, அதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் உள்ளே இடம் உண்டு. எஸ்ஏடியில் 1190 என்ன, 990 என்றாலும் உண்டு.

தளம் காட்டிய வாய்ப்பு: 44%. படிவத்தில் ரேங்கைக் கேட்டிருந்தார்கள், மாநிலத்தைக் கேட்டிருந்தார்கள், இரண்டையும் நிரப்பியிருந்தோம். வாங்கி எங்கே வைத்தார்களோ.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து மிக மரியாதையாக ஒரு பதில். எங்கள் கணிப்பு முந்தைய வருட வெளியீட்டு எண்களையும் எங்கள் பயனர்கள் தாங்களே சொன்ன முடிவுகளையும் வைத்துச் செய்யப்படுகிறது, தனிப்பட்ட கல்லூரி விதிகள் சிலவற்றை இன்னும் சேர்க்கவில்லை என்று. விதியைச் சேர்க்காமல் வாய்ப்பைச் சொல்வது ஜாதகம் பார்க்காமல் பொருத்தம் சொல்வது மாதிரி. பயனர்கள் தாங்களே சொன்னது என்பதையும் யோசித்துப் பாருங்கள். மாதம் 30 டாலர் கட்டி, முடிவு வந்த பின் திரும்ப வந்து தன் மதிப்பெண்ணையும் கிடைத்த கல்லூரியையும் பதிந்துவிட்டுப் போகிறவர் யார்? கிடைத்தவர்தான் பெரும்பாலும். கிடைக்காத பிள்ளை எதற்கு உள்ளே வரப்போகிறது.

மூன்றாவது குறை ரொம்பச் சின்னதாகத் தெரியும், ஆனால் குறைந்த மதிப்பெண் வைத்திருக்கும் வீட்டுக்கு இதுதான் முக்கியம். அந்தப் படிவத்தில் எஸ்ஏடி கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஏதாவது ஒரு எண்ணைப் போட்டால்தான் அடுத்த பக்கம். இன்றைக்கும் அமெரிக்காவில் ஏராளமான கல்லூரிகள் டெஸ்ட் ஆப்ஷனல், அதாவது மதிப்பெண்ணைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். இது கோவிட் காலத்தில் முளைத்த சலுகை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் மெய்ன் மாநிலத்து போடோயின் கல்லூரி 1969இலேயே இதைச் செய்துவிட்டதாம். 1190 வைத்திருக்கிறவளின் முதல் கேள்வியே ‘இதைக் காட்டலாமா, வேண்டாமா’ என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கவே இடம் வைக்காத தளம், எங்களைப் பொறுத்தவரை குடையில்லாத குடைக் கடை.

கிளியைக் கூண்டில் விட்டுவிட்டு நாங்கள் எதைப் பார்த்தோம் என்று சொல்கிறேன், இதுதான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். காமன் டேட்டா செட் என்று ஒன்று இருக்கிறது. கல்லூரியின் பெயரோடு இதைச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஒரு பிடிஎஃப் கிடைக்கும். எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டும் இரண்டு பதிப்பு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த ஒரே மாதிரியான கேள்வித்தாள். கல்லூரிகள் வருடா வருடம் நிரப்பி வெளியிடுகின்றன. சில கல்லூரிகள் வெளியிடுவதில்லை, அது ஒரு குறை. பைசா செலவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஏழு மாதம் நெய்க்கு அலைந்திருக்கிறோம். இதற்கு என் மதிப்பீடு ஐந்துக்கு நாலரை, பார்க்க வருமான வரிப் படிவம் மாதிரி இருப்பதால் அரை குறைத்தேன்.

இதில் சி என்ற பகுதி சேர்க்கை. சி7 என்ற பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட அட்டவணை: பாடத்தின் கடினம், ரேங்க், ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மிக முக்கியம், முக்கியம், கவனிக்கப்படும், கவனிக்கப்படாது என்ற நான்கில் ஒன்றில் கல்லூரி தானே டிக் போட்டிருக்கும். தேர்வு மதிப்பெண் வரியில் டிக் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கலக்கம் போய்விடும். எங்கள் பட்டியலில் இருந்த சிறிய தனியார் கல்லூரிகள் பலவற்றில் அது மூன்றாவது கட்டத்தில் இருந்தது, பாடத்தின் கடினமும் ஜிபிஏவும் முதல் கட்டத்தில்.

அடுத்து சி9. இதை நானும் மகளும் சாப்பாட்டு மேசையில் பேப்பரில் அச்செடுத்து வைத்துக்கொண்டு பேனாவால் கோடு போட்டுப் படித்தோம். சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி மதிப்பெண் கொடுத்தார்கள் என்று முதலில் ஒரு வரி. அதற்குக் கீழே, கொடுத்தவர்களின் 25ஆவது, 50ஆவது, 75ஆவது சதமான மதிப்பெண் (25ஆவது என்றால் கால்வாசிப் பேர் அதற்குக் கீழே). அதற்கும் கீழே 1400 முதல் 1600 வரை எத்தனை பேர், 1200 முதல் 1399 வரை எத்தனை பேர், 1000 முதல் 1199 வரை எத்தனை பேர் என்று அடுக்கு அடுக்காக. எல்லாரும் பார்க்கிறது அந்த நடு வரியைத்தான். 25ஆவது சதமானம் 1380 என்று இருந்தால் உடனே ‘ஐயோ 1190க்கு இங்கே என்ன வேலை’ என்று பக்கத்தை மூடிவிடுகிறோம். மகள்தான் மேல் வரியைக் காட்டினாள். “அம்மா, நீ இதப் பாக்கலயா? முப்பது பர்சென்ட் பேர்தான் ஸ்கோரே குடுத்திருக்காங்க.” அதாவது அந்த 1380, நல்ல மதிப்பெண் வாங்கியதால் துணிந்து காட்டிய முப்பது பேரின் கணக்கு. மீதி எழுபது பேர் எவ்வளவு வாங்கினார்கள் என்று அந்தத் தாளில் இல்லை, ஆனால் அவர்களும் அதே வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். டெஸ்ட் ஆப்ஷனல் வந்த பிறகு வெளியாகும் எண்கள் இப்படித்தான் வீங்கிப் போயிருக்கின்றன, குறைந்தவர்கள் காட்டுவதை நிறுத்தியதால் காட்டியவர்களின் சராசரி மேலே ஏறிவிட்டது, அதைப் பார்த்து அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் பேர் காட்டாமல் விடுகிறார்கள், அது இன்னும் ஏறுகிறது.

இதற்கு நேர் எதிர் நிலைமையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பெயருக்கு ஆப்ஷனல் என்றிருக்கும், சி9இல் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் கொடுத்திருப்பார்கள். அங்கே நீங்கள் காட்டாமல் விட்டால் விண்ணப்பத்தைப் படிக்கிற சேர்க்கை அதிகாரிக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது, அதை ஈடுகட்ட விண்ணப்பத்தில் வேறு ஏதாவது கனமாக இருக்க வேண்டும். இன்னொன்று, 25ஆவது சதமானத்துக்குக் கீழேயும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் சேர்ந்திருக்கிறார்களே என்று மனதைத் தேற்றிக்கொள்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விளையாட்டுக்காக எடுத்த பிள்ளைகள், வேறு சிறப்புக் காரணத்துக்காக எடுத்தவர்கள் எல்லாம் அந்தக் கால்வாசியில்தான் நிறைய. சாதாரணமாக விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அந்த இடங்கள் எல்லாம் காலியாகக் காத்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட வழக்கம் இது: 50ஆவது சதமானமான நடு மதிப்பெண்ணைத் தொட்டால் காட்டு, 25ஆவதைத் தொடாவிட்டால் காட்டாதே, நடுவில் இருந்தால் எங்கள் பள்ளியின் சராசரியைப் பார். ஏன் பள்ளிச் சராசரி என்றால், விண்ணப்பத்தோடு பள்ளியும் தன்னைப் பற்றிய ஒரு தாளை அனுப்புகிறது. எங்கள் பள்ளியில் 1190 சராசரிக்கும் கீழே, வசதியான புறநகர், எல்லார் வீட்டிலும் கோச்சிங். அதே 1190 யாரும் கல்லூரிக்கே போகாத ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. டார்ட்மவுத் கல்லூரி 2024 பிப்ரவரியில் எஸ்ஏடியைத் திரும்பக் கட்டாயமாக்கியபோது சொன்ன முக்கியக் காரணமே, வசதி குறைந்த பின்னணிப் பிள்ளைகள் காட்டியிருந்தால் உதவியிருக்கும் மதிப்பெண்ணைக் குறைச்சல் என்று நினைத்து மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான்.

ஆமாம், திரும்பக் கட்டாயமாக்குகிறார்கள். எம்ஐடி 2022இலேயே ஆரம்பித்துவிட்டது. 2024இல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் வரிசையாக. யேல் அப்போது எஸ்ஏடிக்குப் பதில் ஏபி அல்லது ஐபி (சர்வதேசப் பாடத்திட்டம்) தேர்வு மதிப்பெண்ணையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. கொலம்பியா இன்னொரு பக்கம், 2023இல் கட்டாயமில்லை என்பதையே நிரந்தரக் கொள்கையாக அறிவித்தது. ஃபுளோரிடா அரசுப் பல்கலைக்கழகங்கள் கோவிட்டிலும் விடவில்லை. ஆக குறைந்த மதிப்பெண் வாய்ப்பைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு இடத்தில் அது வாசலிலேயே நிறுத்தும், இன்னொரு இடத்தில் கேட்கவே மாட்டார்கள், மூன்றாவது இடத்தில் முடிவு உங்கள் கையில். மாதம் 30 டாலர் வாங்குகிறவர்கள் குறைந்தபட்சம் இந்த மூன்றையும் பிரித்தாவது காட்டியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டி சதவீதமாக ஊற்றினால் எப்படி?

யூடி ஆஸ்டின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், டெக்ஸாஸ்காரர்களுக்குப் பயன்படும். 2024 மார்ச்சில், மகள் பரீட்சை எழுதிய அதே மாதம், 2025 சேர்க்கைக்கு மதிப்பெண் கட்டாயம் என்று அறிவித்தார்கள். கூடவே சில எண்களையும் வெளியிட்டார்கள். மதிப்பெண்ணைப் பரிசீலிக்கச் சொன்ன விண்ணப்பதாரர்களின் நடு மதிப்பெண் 1420, வேண்டாம் என்று விட்டவர்களின் நடு மதிப்பெண் 1160. மதிப்பெண் கொடுத்துச் சேர்ந்தவர்களின் முதல் பருவ ஜிபிஏ, மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் 0.86 அதிகம் என்றும் சொன்னார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் கசந்தது, உண்மை கசக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சிவப்பு 11%ஐ விட இது எங்களுக்கு ஆயிரம் மடங்கு உபயோகமாக இருந்தது, ஏனென்றால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. தானியங்கிச் சேர்க்கைக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்கு அங்கே 1190 பாரம்தான். மறுபடி எழுத வேண்டும் என்று முடிவு செய்தது இதைப் பார்த்துத்தான்.

நடுவில் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரையும் பார்த்தோம், ஜூமில் ஒரு மணி நேரம் 150 டாலர். தொண்டையைச் செருமிக்கொண்டு “1190ன்னா கஷ்டம்தான் மேடம்” என்று ஆரம்பித்து நாற்பதாவது நிமிடத்தில் 3,000 டாலர் பேக்கேஜுக்கு வந்து சேர்ந்தார். ஒரு நல்ல விஷயம் சொன்னார், அதை மறைக்கவில்லை: பல்கலைக்கழகத்தைப் பார்க்காதீர்கள், சேர நினைக்கும் பிரிவைப் பாருங்கள், ஒரே வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் உயிரியலுக்கும் போட்டி வேறு வேறு என்று. அதற்கு ஒரு நூறு டாலர் தகும். பேக்கேஜுக்கு ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு, வாங்காமல் வெளியே வந்துவிட்டோம்.

கோச்சிங் எடுக்கவில்லை. எஸ்ஏடி எழுதுகிற ப்ளூபுக் செயலியில் இருக்கும் முழு மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமி இணையதளப் பாடங்களும் இலவசம், அதையே கோடை முழுக்க. இந்த டிஜிட்டல் எஸ்ஏடியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மார்ச்சில் எங்களுக்கு உறைக்கவில்லை. கணக்கில் இரண்டு பாகம், ஒவ்வொன்றும் 22 கேள்வி, 35 நிமிடம். முதல் பாகத்தில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பார்த்து இரண்டாவது பாகம் கடினமானதா எளிதானதா என்று தேர்வே முடிவு செய்கிறது. முதலாவதில் சறுக்கினால் எளிதான இரண்டாவது வரும், அதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மதிப்பெண் ஒரு உயரத்துக்கு மேல் ஏறாது. மார்ச்சில் வெளியே வந்து “செகண்ட் பார்ட் ரொம்ப ஈஸிம்மா” என்று சந்தோஷமாகச் சொன்னாள் பாவம். அது நல்ல சேதி இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. கோடையில் முதல் பாகத்துக்கு மட்டுமே உழைத்தாள், அவசரப்படாமல், சுலபமான கேள்வியில் தப்பு விடாமல். ஆகஸ்டில் மறுபடி 68 டாலர் கட்டி எழுதியதில் கணக்கு 630, வாசிப்பு 620. மொத்தம் 1250. இரண்டு தேர்விலும் நல்லதை எடுத்துச் சேர்க்கிற, சூப்பர்ஸ்கோர் என்கிறார்களே, அந்த வழக்கம் உள்ள கல்லூரிகளுக்கு 1260. மூன்றாவது தடவை எழுதலாமா என்று கேட்டேன், முறைத்தாள், விட்டுவிட்டேன். கட்டுரைகள் காத்துக்கொண்டிருந்தன, அக்டோபர் முழுக்க அதற்கே போதவில்லை.

பணத்தைப் பற்றி அந்தத் தளம் வாயே திறக்கவில்லை, எனக்கு இதில்தான் அதிகக் கோபம். மதிப்பெண் குறைந்தால் பல இடங்களில் சேர்க்கையை விட உதவித்தொகையில்தான் அடி விழுகிறது. அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள் எந்த ஜிபிஏவுக்கும் எந்த மதிப்பெண்ணுக்கும் வருடத்துக்கு எவ்வளவு என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கின்றன. அதில் ஒரு படி மேலே ஏற வேண்டும் என்றால் நாற்பது, ஐம்பது மதிப்பெண்ணுக்காக மறுபடி எழுதுவது கூட லாபம். சேர்க்கைக்குக் கட்டாயமில்லை என்கிற கல்லூரியே சிறந்த மாணவர்களுக்கான ஹானர்ஸ் திட்டத்துக்கும் சில உதவித்தொகைக்கும் மதிப்பெண் கேட்கலாம், தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காமன் டேட்டா செட்டில் எச் என்ற பகுதியில், குடும்பத்தின் பணத் தேவையைப் பார்க்காமல் தகுதிக்காக மட்டும் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் பட்டியலிலிருந்து மூன்று கல்லூரிகளைத் தூக்கினோம், இடம் கிடைக்காது என்பதற்காக இல்லை, கிடைத்தாலும் கட்ட முடியாது என்பதற்காக.

முடிவுகள் என்னவென்று கேட்பீர்கள். யூடி ஆஸ்டின் இல்லை. மதிப்பெண் காட்டாமல் போட்ட நான்கு தனியார் கல்லூரிகளில் இரண்டு எடுத்துக்கொண்டன, அதில் ஒன்றுக்குத் தளம் சொன்னது 9%. உதவித்தொகையும் கொடுத்தார்கள், ஆனாலும் ஏ அண்ட் எம் கட்டணத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. ஏ அண்ட் எம் சட்டப்படி வந்தது. உயிரியல் பிரிவு, அவள் கேட்டதே. வீட்டில் இப்போது ஆளுக்கொரு டிஷர்ட், அந்தப் பல்கலைக்கழகத்தின் மெரூன் நிறத்தில், இவர் அதைப் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குக்கூடப் போகிறார்.

சந்தாவை நிறுத்துவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: கணக்கு, அமைப்புகள், திட்டம், பில்லிங் என்று நான்கு பக்கம் உள்ளே போனால் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள், இன்னொரு தடவை அழுத்த வேண்டும். ஏழாவது மாதத்தோடு நிறுத்திவிட்டேன், ஆனால் மின்னஞ்சல் நிற்கவில்லை. மார்ச் கடைசியில், சேர்க்கைக் கடிதம் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி இரண்டு மாதம் ஆன பிறகு, ஒன்று வந்தது. தலைப்பில் ராக்கெட் படம். ‘நல்ல செய்தி! டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்மில் உங்கள் வாய்ப்பு 44 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாக உயர்ந்திருக்கிறது.’ மகளுக்கு அனுப்பி வைத்தேன். “இன்னும் கொஞ்சம் முயற்சி பண்றேன்மா” என்று பதில் போட்டாள்.